ரத்தினக் கற்களை இனங்காண்பது எப்படி? நவரத்தினம் வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடையில் ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் எல்லோரும் கேட்பது, “ஒரிஜினல்தானே?” என்பதைத்தான். கடைக்காரரும் ஆமாம் என்பார். அவர் பொய்யே சொல்லாமல் நாம் ஏமாந்துபோக முடியும். ஏனென்றால் அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது எந்தக் கனிமம்? மண்ணுக்கடியில் விளைந்ததா, உலையில் வளர்த்ததா? தோண்டியெடுத்த பிறகு சூடேற்றியோ, எண்ணெய் ஏற்றியோ, கண்ணாடி நிரப்பியோ அழகுபடுத்தியிருக்கிறார்களா?

ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனிமம் என்ன என்றால் மாணிக்கம்தான். மண்ணில் விளைந்ததா என்றால் ஆம். மூன்றாவது கேள்வியைக் கேட்காதவர் நல்ல மாணிக்கத்தின் விலையைக் கொடுத்துவிட்டு, விரிசலும் கண்ணாடியும் கலந்த ஒரு பொருளுடன் வீடு திரும்புகிறார்.

முதல் கேள்விக்கான விடையைப் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டாவதற்குப் பொறுமையும், லூப் எனப்படும் கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடியில் நல்லதொன்றும் இருந்தால் பாதி நேரம் விடை கிடைக்கும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் ஆய்வுக்கூடம்தான் கதி.

தேவையான பொருள்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வேண்டும். மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான ஒற்றை வில்லை லூப் ஓரங்களில் பொய்யான வானவில் நிறங்களைக் காட்டும். சிறிய எல்.இ.டி. டார்ச், 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, மெல்லிய நைலான் நூல், ரூபாய் நோட்டு சோதிக்கப் பயன்படும் புறஊதா விளக்கு, போலராய்டு கூலிங் கிளாஸ் ஆகியவையும் வேண்டும். எல்.சி.டி. திரையுள்ள லேப்டாப் வீட்டிலேயே இருக்கும்.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை நகையில் பதிக்காத தனிக் கல்லுக்கே பொருந்தும். பின்புறம் மூடிப் பதித்த கல்லுக்கு அடியில் நிறத் தாளோ பூச்சோ இருக்கலாம். அத்தகைய கல்லை யார் எவ்வளவு உறுதியாக விலை சொன்னாலும், கழற்றிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

படி 1: நிறத்தை மறந்துவிடுங்கள்

கல்லைப் பற்றி மிக உரக்கப் பேசுவது அதன் நிறம். மிக அதிகமாகப் பொய் சொல்வதும் அதுவே. சிவப்பாக இருப்பது மாணிக்கமாகவோ, ஸ்பினலாகவோ, கார்னெட்டாகவோ, டூர்மலினாகவோ, வெறும் கண்ணாடியாகவோ இருக்கலாம். பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முன்புறத்தில் பதித்திருக்கும் ‘கறுப்பு இளவரசர் மாணிக்கம்’ உண்மையில் ஸ்பினல். மாணிக்கமும் ஸ்பினலும் வெவ்வேறு கனிமங்கள் என்பதை ரோமே டி லீல் என்ற பிரெஞ்சு அறிஞர் 1783-இல் பிரித்துக் காட்டும்வரை அரண்மனைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எனவே வெறுங்கண்ணால் பார்க்கும்போது நிறத்தை விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கவனியுங்கள். பட்டைகள் சேரும் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கியிருக்கின்றனவா? பல ஆண்டுகள் அணிந்த மோதிரத்தில் நீலக் கல்லின் விளிம்புகள் தேய்ந்து கீறல் விழுந்திருந்தால் அது நீலமாக இருப்பது கடினம். நீலத்தின் கடினத்தன்மை 9, கண்ணாடியுடையது 5 முதல் 6 வரைதான். பட்டைகள் நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் அது அச்சில் வார்த்த கண்ணாடி. கல்லை உதட்டில் தொட்டுப் பார்ப்பதும் பழைய பழக்கம். படிகக் கற்கள் சில்லென்று இருக்கும், கண்ணாடி சீக்கிரம் சூடேறிவிடும். இது ஒரு குறிப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல.

படி 2: லூப்பின் வழியே உள்ளே பார்த்தல்

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் லூப்பை வாங்குங்கள். அதைப் பயன்படுத்தும் முறை பலருக்குத் தவறாகவே பழக்கமாகியிருக்கிறது. லூப்பைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்த கல்லை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். லூப் பிடித்த கையும் இடுக்கி பிடித்த கையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் நடுக்கம் இருக்காது. வெளிச்சம் மேலிருந்து விழக்கூடாது. பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். அப்போதுதான் மேற்பரப்பின் பளபளப்பு மறைந்து, உள்ளே இருப்பவை இருண்ட பின்னணியில் தெரியும். அதற்கு முன் கல்லைத் துடைத்துவிடுங்கள். தூசியைக் கல்லுக்குள் இருக்கும் குறி என்று எண்ணி ஒரு மணி நேரம் ஆராய்ந்தவர்கள் உண்டு.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும்போது காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களை வரிசைப்படுத்துகிறது. அன்றைய வணிகர் விலையைக் குறைப்பதற்காகத் தேடிய புள்ளியையும் கோட்டையும், இன்று இயற்கைக் கல் என்பதற்கு அத்தாட்சியாகத் தேடுகிறோம். செயற்கைக் கல் வந்த பிறகு குற்றமே சாட்சியாகிவிட்டது.

தேட வேண்டியவை இவை. மெல்லிய ஊசிகள் 60 அல்லது 120 டிகிரிக் கோணத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தால், அது மாணிக்கத்திலும் நீலத்திலும் காணப்படும் ‘பட்டு’. ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள் அவை. அடர்த்தியாக இருந்தால் அவையே நட்சத்திரக் கல்லை உண்டாக்குகின்றன. விரல்ரேகை போன்ற வலைப்பின்னல், ஆறிய விரிசல்களில் தங்கிய திரவம். நிறப் பட்டைகள் நேர்கோடாக, கோணம் கோணமாக மடிந்து சென்றால் மனம் ஆறுதல் கொள்ளலாம். படிகம் மண்ணுக்குள் அறுகோணமாக வளர்ந்தபோது பதிந்த கோடுகள் அவை.

அதே கோடுகள் வளைந்திருந்தால் கதை வேறு. பிரெஞ்சு வேதியியலாளர் அகஸ்ட் வெர்னூய் 1902-இல் அறிவித்த முறையில், அலுமினியம் ஆக்சைடுத் தூளை நெருப்புச் சுவாலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக அடுக்கி மாணிக்கம் வளர்க்கிறார்கள். உருண்டையான அந்தக் கட்டியின் அடுக்குகள் வளைந்தே இருக்கும். இயற்கையில் வளைந்த வளர்ச்சிக் கோடுள்ள மாணிக்கம் கிடையாது. நீலத்தில் இந்த வளைவை எளிதில் காணலாம்; சிவப்பில் மிக மெல்லிதாக இருக்கும். வெள்ளைத் தாளின் மேல் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கல்லை அதில் போட்டு, கீழிருந்து பரவலான வெளிச்சம் கொடுத்து, பல கோணங்களில் திருப்பிப் பாருங்கள். இதற்கு அவசரப்படக்கூடாது. “பாட்டி காலத்துக் கல், அதனால் அசல்” என்ற வாதமும் இங்கே அடிபட்டுப்போகிறது. நூறாண்டுக்கு மேலாகச் செயற்கை மாணிக்கம் சந்தையில் இருக்கிறது. பாட்டியின் நகையிலும் இருக்கலாம்.

உருண்டையான காற்றுக் குமிழ்கள் தெரிந்தால் அது கண்ணாடி அல்லது உருக்கி வளர்த்த செயற்கைக் கல். ஆனால் சிறு படிகம் ஒன்று குமிழ் போலக் கண்ணை ஏமாற்றக்கூடும். படிகத்துக்கு ஏதாவது ஒரு மூலையிருக்கும், குமிழுக்கு இருக்காது.

ஒட்டுக் கற்களையும் இதே கட்டத்தில் பிடித்துவிடலாம். மேலே மெல்லிய கார்னெட், கீழே நிறக் கண்ணாடி என ஒட்டிய பழைய கல்லைப் பெரிய பட்டை கீழே இருக்குமாறு வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தால், விளிம்பைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரியும். தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு அடுக்குகளும் ஒட்டிய கோடும் அம்பலமாகும்.

படி 3: தண்ணீரில் எடை போடுதல்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். விலை குறைவு, கல்லுக்குச் சேதமில்லை, பேச்சுக்கு இடமில்லாத ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணுக்கு ஒப்படர்த்தி என்று பெயர்: அதே கன அளவுள்ள தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது.

முதலில் கல்லை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை நைலான் நூலில் கட்டி, தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டுவது கல்லின் எடை அல்ல. கல் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி வந்துவிடும். கல்லில் காற்றுக் குமிழ் ஒட்டினால் கணக்கு தவறும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் ஒட்டாது.

8 கேரட், அதாவது 1.60 கிராம் எடையுள்ள மஞ்சள் கல் ஒன்று புஷ்பராகம் என்ற பெயரில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மாணிக்கமும் நீலமும் அடங்கும் குருந்தம் என்ற கனிமத்தின் மஞ்சள் வகையாக, அதாவது கனக புஷ்பராகமாக இருந்தால் தராசு 0.40 காட்டும். டோபாஸாக இருந்தால் 0.45. மஞ்சள் ஸ்படிகமான சிட்ரின் என்றால் 0.60. சிர்கோனியா என்ற செயற்கைக் கல்லின் மஞ்சள் வகை என்றால் 0.28 வரைக்கும் இறங்கிவிடும். கடைத்தெருவில் முதல் மூன்றுமே புஷ்பராகம் என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. விலையிலோ ஏணி வைத்தாலும் எட்டாத தூரம்.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒப்படர்த்திகள்:

- சிர்கோனியா: 5.6 முதல் 6.0 வரை
- மாணிக்கம், நீலம், கனக புஷ்பராகம்: 4.00
- வைடூரியம்: 3.73
- கோமேதகம்: 3.65
- ஸ்பினல்: 3.60
- டோபாஸ்: 3.53
- வைரம்: 3.52
- மொய்சனைட் (வைரம் போலத் தெரியும் செயற்கைக் கல்): 3.22
- மரகதம்: 2.72
- ஸ்படிகம், சிட்ரின், செவ்வந்திக்கல்: 2.65
- கண்ணாடி: பெரும்பாலும் 2.3 முதல் 4.5 வரை

கண்ணாடி எங்கு வேண்டுமானாலும் வந்து நிற்கும் என்பதால், எண் பொருந்தியது என்று மட்டும் கொண்டாடக்கூடாது. பொருந்தாவிட்டால் மட்டும் உறுதியாக நிராகரிக்கலாம். சிறிய கல்லில் பிழையும் பெரிதாகும். 1 கேரட் கல்லை 0.01 கிராம் தராசில் இந்த முறையில் போடுவது வீண், அதற்கு 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். மரகதத்தையும் பச்சைச் சாயமேற்றிய ஸ்படிகத்தையும் வீட்டுத் தராசால் பிரிப்பதும் நடக்காது. செயற்கை மாணிக்கமும் 4.00 தான் காட்டும். அது முதல் கேள்விக்குச் சரியான விடை, இரண்டாவதற்கு விடையே அல்ல.

படி 4: லேப்டாப் திரையும் கூலிங் கிளாஸும்

சில கற்கள் தமக்குள் நுழையும் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கின்றன. மாணிக்கம், நீலம், மரகதம், வைடூரியம், டோபாஸ், ஸ்படிகம் ஆகியவை இந்தக் கட்சி. வைரம், ஸ்பினல், கார்னெட், சிர்கோனியா, கண்ணாடி ஆகியவை கதிரைப் பிரிக்காத கட்சி. ரத்தினவியலாளர்கள் இதைப் போலாரிஸ்கோப்பில் பார்ப்பார்கள். வீட்டில் அதற்கு மாற்று உண்டு.

லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவையுங்கள். போலராய்டு கண்ணாடியைத் திரைக்கு முன்னால் மெதுவாகச் சுழற்றினால், ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அங்கே நிறுத்துங்கள். இப்போது திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கல்லைப் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை ஒளிர்ந்து நான்கு முறை இருண்டால், கதிரைப் பிரிக்கும் கல். எப்படித் திருப்பினாலும் இருண்டே இருந்தால் பிரிக்காத கல். ஒரே திசையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கதிரைப் பிரிக்கும் கல்லுக்கும் பிரிக்காத திசை உண்டு. குறைந்தது மூன்று திசைகளில் பாருங்கள். கண்ணாடியிலும் கார்னெட்டிலும் பாம்பு போல நெளியும் நிழல்கள் தெரியலாம். அது உள் இறுக்கத்தால் வருவது. சீராக ஒளிர்ந்து அணைவதுடன் அதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

மாணிக்கம் என்று சொன்ன சிவப்புக் கல் இருண்டே இருந்தால், அது மாணிக்கம் இல்லை. கண்ணாடி, கார்னெட், ஸ்பினல் மூன்றும் இந்த ஒரு சோதனையில் வெளியேறிவிடுகின்றன. நீலத்துக்கும் அப்படியே.

அதே கூலிங் கிளாஸை வெள்ளைச் சுவரின் முன்னால், திரை இல்லாமல், கல்லைப் பார்த்தபடி சுழற்றினால் நிறம் மாறுகிறதா என்றும் கவனியுங்கள். மாணிக்கம் ஆரஞ்சுச் சிவப்புக்கும் ஊதாச் சிவப்புக்கும் இடையில் மாறும். நீலக்கல் என்று விற்கப்படும் அயோலைட்டை வெறுங்கையால் திருப்பினாலே போதும். ஒரு பக்கம் ஊதா நீலம், இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட நிறமற்ற மஞ்சள் எனக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 5: புறஊதா விளக்கு

இருட்டறையில் நோட்டு சோதிக்கும் விளக்கைக் காட்டினால், பல மாணிக்கங்கள் தணல் போலச் சிவப்பாக ஒளிரும். மியான்மரின் மோகோக் கற்களில் இது பலமாக இருக்கும். இரும்பு அதிகமுள்ள தாய்லாந்துக் கற்களில் மந்தமாக இருக்கும். கார்னெட் ஒளிராது. ஆனால் வெர்னூய் முறைச் செயற்கை மாணிக்கம் எல்லோரையும்விடப் பிரகாசமாக ஒளிர்ந்து பெருமைப்பட்டுக்கொள்ளும். அதனால் ஒளிர்வை மட்டும் நம்புவது ஆபத்து.

கடைக்காரரிடம் ஒளிவிலகல்மானி இருந்தால் கேட்டுப் பாருங்கள். கல்லை அதன் மேல் வைத்தால் ஒளிவிலகல் எண்ணைக் காட்டும்: மாணிக்கமும் நீலமும் 1.762 – 1.770, ஸ்பினல் 1.718, மரகதம் ஏறக்குறைய 1.58. ஓர் எண் இரண்டாகப் பிரிந்து தெரிவதே கதிரைப் பிரிக்கும் கல்லுக்கு அடையாளம். 1.81-க்கு மேல் அது அளக்காது என்பதால் வைரத்துக்குப் பயன்படாது.

படி 6: ஒன்பது கற்கள், ஒவ்வொன்றாக

மாணிக்கம், நீலம், கனக புஷ்பராகம் மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூன்றுமே குருந்தம் என்ற அலுமினியம் ஆக்சைடு. கொஞ்சம் குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம், இரும்பு மட்டும் என்றால் மஞ்சள். முதல் கேள்வியை மேற்கண்ட படிகளால் முடித்துவிடலாம். சிக்கல் மூன்றாவது கேள்வியில்தான். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கத்துக் குழிகளில், ‘இல்லம்’ எனப்படும் சரளை மண்ணிலிருந்து கிடைக்கும் பால்வெள்ளைக் குருந்தத்துக்கு ‘கியூடா’ என்று பெயர். ஒரு காலத்தில் அதற்கு மதிப்பே இல்லை. 1970-களில் தாய்லாந்து வணிகர்கள் அதை வாங்கிச்சென்று 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி அருமையான நீலக்கல்லாக மாற்றினார்கள். உள்ளே கரையாமல் கிடந்த டைட்டானியம் கரைந்து இரும்போடு சேர்ந்ததே அந்த மாயம். இன்று சந்தையிலுள்ள நீலத்திலும் மாணிக்கத்திலும் பெரும்பகுதி சூடேற்றியவை. அது மோசடி அல்ல, சொல்லி விற்கும்வரை. சூடேற்றாத கல்லுக்கு விலை பல மடங்கு என்பதால், சொல்லாமல் விற்கும்போதுதான் மோசடி. லூப்பில் பட்டு ஊசிகள் முழுசாக, கூர்மையாக இருந்தால் கடும் சூடு படவில்லை என்று ஊகிக்கலாம். ஊசிகள் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தாலோ, சிறு படிகங்களைச் சுற்றி வட்டத் தட்டுப் போன்ற விரிசல் இருந்தாலோ சூடு பட்டிருக்கிறது.

மஞ்சளிலும் ஆரஞ்சிலும் இன்னொரு தொல்லை: பெரிலியத்தைக் கல்லுக்குள் ஊடுருவச் செய்து நிறம் ஏற்றுவது. 2000-களின் தொடக்கத்தில் இது வெளிப்பட்டபோது ஆய்வுக்கூடங்களே திகைத்தன. இதை லூப்பால் தீர்மானிக்க முடியாது.

ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தை மட்டும் வீட்டிலேயே பிடிக்கலாம். கல்லை டார்ச்சின் கீழ் மெல்ல ஆட்டினால் விரிசல்களின் வழியே நீலமோ ஆரஞ்சோ மின்னி மறையும். விரிசலுக்குள் தட்டையான குமிழ்கள் இருக்கும். எலுமிச்சைச் சாறும், பொற்கொல்லரின் ஊதுசுடரும், அமிலக் குளியலும் இதைக் கெடுத்துவிடும். வடசேரி கோயில் நகைகளில் இன்று பதிக்கும் கெம்புக் கற்களும் பெரும்பாலும் செயற்கையோ கண்ணாடியோதான். அவற்றை யாரும் மாணிக்க விலைக்கு விற்பதில்லை என்பதால் அதில் குறை காண ஒன்றுமில்லை.

மரகதத்தில் குறையில்லாத கல்லைத் தேடுபவர் கண்ணாடியைத்தான் கண்டுபிடிப்பார். பெரியதாக, பளிங்கு போலத் தெளிவாக, மலிவாக ஒரு மரகதம் கிடைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கொலம்பியக் கற்களில், ஒரு சிறு குழிக்குள் திரவமும் அதில் ஒரு குமிழும் ஓர் உப்புப் படிகமும் சேர்ந்திருப்பதைக் காணலாம். செயற்கையாக வளர்த்தவற்றில் சிலவற்றில் அம்பு முனைகளை அடுக்கியதுபோன்ற கோண வளர்ச்சி தெரியும். விரிசல்களில் எண்ணெய் ஏற்றுவது மரகதத் தொழிலின் பழைய வழக்கம். எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. அதனால் மரகத நகையை வெந்நீரிலோ மீயொலித் தொட்டியிலோ கழுவக்கூடாது.

வைரத்துக்கு ஊதிப் பார்ப்பது எல்லோரும் அறிந்தது. ஊதினால் படியும் ஆவி உடனே மறைந்துவிடும், ஏனென்றால் வைரம் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துகிறது. கடைகளில் உள்ள வெப்பச் சோதனைப் பேனாவும் இதே அடிப்படையில் வேலை செய்கிறது. திருச்சியில் குடிசைத் தொழிலாகப் பட்டை தீட்டிய செயற்கைக் கற்களும் சிர்கோனியாவும் அதில் தோற்றுவிடும். மொய்சனைட் தேறிவிடும். அதைப் பிடிக்க லூப் போதும்: மேல் பெரிய பட்டை வழியே நேராகப் பார்க்காமல், கல்லைச் சாய்த்துப் பக்கப் பட்டைகள் வழியே பார்த்தால் பின்புற விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். வைரத்தில் ஒருபோதும் இரட்டை தெரியாது.

ஆய்வுக்கூட வைரம் என்பது வேறு விவகாரம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1954 டிசம்பரில் உருவானதன் வாரிசுகள் இவை. அதே கார்பன், அதே கடினம், அதே எடை. ஊதுவதும் பேனாவும் லூப்பும் இங்கே பயனற்றவை. சான்றிதழும், கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணும் மட்டுமே துணை.

நம் வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படும் ‘ப்ளூ ஜாகர்’ தோடுகள் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டெயின் சுரங்கத்தின் பெயரால் வந்தவை. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. புறஊதா விளக்கில் பலமாக நீலம் ஒளிரும் எந்த வைரத்துக்கும் அந்தப் பெயரைச் சூட்டி விற்கிறார்கள். நீல ஒளிர்வு அந்தச் சுரங்கத்துக்கு மட்டும் சொந்தமல்ல.

வைடூரியம் என்றால் கிரைசோபெரில் வகைப் பூனைக்கண். கூர்மையான ஓர் ஒளிக்கோடு, டார்ச்சை நகர்த்தும்போது வழுக்கிக்கொண்டு ஓடும். பக்கவாட்டில் ஒளி விழும்போது கோட்டின் ஒரு புறம் பால் நிறமும் மறு புறம் தேன் நிறமும் தெரிந்தால் நல்ல கல். ஸ்படிகப் பூனைக்கண்ணைத் தராசு பிரித்துவிடும், 3.73-க்கும் 2.65-க்கும் இடையே குழப்பமே வராது. மிகவும் பளிச்சென்று, நிறம் சீராக, கோடு வரைந்ததுபோல இருந்தால் அது கண்ணாடி இழைக் கட்டு. பக்கவாட்டில் லூப் வைத்தால் இழைகளின் அறுகோண வலை தெரியும்.

கோமேதகம் ஹெசோனைட் என்ற கார்னெட். லூப்பில் பார்த்தால், சூடான வெல்லப்பாகில் தண்ணீர் ஊற்றியதும் நெளிநெளியாகக் கலங்குமே, அப்படியே உள்ளே கலங்கியிருக்கும். நடுவே சிறு படிகத் துணுக்குகளும் கிடக்கும். வெகு தெளிவான தேன் நிறக் கல்லை வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

முத்தைப் பல்லின் விளிம்பில் மெல்லத் தேய்த்தால் நுண்ணிய நறநறப்பு வரும். கண்ணாடி முத்து வழுக்கும். துளையைச் சுற்றிப் பூச்சு உரிந்திருந்தால் போலி. வளர்ப்பு முத்தின் துளைக்குள் லூப்பில் பார்த்தால் மேல் படலத்துக்கும் உள்மணிக்கும் இடையில் ஒரு கோடு தெரியலாம். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973-இல் முத்து வளர்த்துக் காட்டியது. இன்று கடையில் கிடைப்பவை அநேகமாக எல்லாமே வளர்ப்பு முத்துகள்தான். கடலில் தானாக விளைந்தது என்று ஒருவர் உறுதி கூறினால் எக்ஸ்ரே அறிக்கை கேளுங்கள்.

பவளத்தின் மேற்பரப்பில் லூப் வைத்தால் நீளவாக்கில் மெல்லிய இணை வரிகள் தெரியும். கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் அவை இருக்காது. சாயமேற்றிய மலிவுப் பவளத்தில் நிறம் வரிகளில் திட்டாகத் தேங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் சிவப்பு ஒட்டும்.

ஒன்பதுக்கு வெளியே ஒரு வார்த்தை. காங்கேயம் வட்டாரம் சந்திரகாந்தக் கல்லுக்கும், அருகிலுள்ள படியூர் கடல்நீலப் பெரிலுக்கும் பெயர் பெற்றவை. நொய்யல் கரையின் கொடுமணல் அகழாய்வில் பெரில், ஸ்படிகம், சூதுபவள மணிகள் செய்து முடித்த நிலையிலும் பாதி வேலையிலும் கிடைத்திருக்கின்றன. சந்திரகாந்தம் வாங்குவதானால் கல்லை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். ஊடுருவும் ஒளி ஆரஞ்சாகத் தெரிந்தால் அது ‘ஓபலைட்’ என்ற கண்ணாடி.

செய்யக்கூடாத சோதனைகள்

நீலத்தைப் பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரியும் என்பார்கள். நீலக் கண்ணாடியைப் போட்டாலும் அப்படித்தான் தெரியும். மாணிக்கத்தின் மேல் சுற்றிய தலைமுடி எரியாது என்பது வெப்பம் கடத்தும் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். கல்லைக் கல்லால் கீறிப் பார்ப்பது எல்லாவற்றிலும் மோசம். அசலாக இருந்தாலும் பட்டை பாழாகும். பவளத்தில் அமிலம் விடுவதும் முத்தை நெருப்பில் காட்டுவதும் கல்லை அழித்துவிட்டு அது என்னவாக இருந்தது என்று தெரிந்துகொள்ளும் வழிகள். தலையணைக்கு அடியில் வைத்துக் கனவு பார்ப்பது ஜோதிடரின் வேலை. கல்லின் பொருத்தத்தை அவர் சொல்லலாம், அதன் கனிமத்தை அல்ல.

படி 7: ஆய்வுக்கூடமும் ரசீதும்

விலை உங்களுக்கு வலிக்கும் அளவில் இருந்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். இந்தியாவில் ஜெய்ப்பூரில் முன்பு ஜெம் டெஸ்டிங் லேபரட்டரி என்றிருந்து இப்போது ஐ.ஐ.ஜி.ஜே. ஆய்வு மையமாகியுள்ள கூடமும் மும்பையில் உள்ள ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. கூடங்களும், இலங்கையில் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் கூடமும் பலரும் நாடுபவை. பேருவளை சீனன்கோட்டைச் சந்தையில் கல் வாங்குவோருக்குக் கடைசியாகச் சொன்னது கைக்கெட்டும் தூரம்.

அறிக்கையில் மூன்று கேள்விகளுக்கும் தனித்தனி வரி இருக்க வேண்டும். கனிமத்தின் பெயர் ஒரு வரி. இயற்கையா, செயற்கையா என்பது இன்னொன்று. பதப்படுத்தல் பற்றிய குறிப்பு மூன்றாவது. மூன்றாவது வரியே இல்லாத, அட்டை அளவிலான சான்றிதழ்கள் ஏராளமாகப் புழங்குகின்றன. அந்த வரி இல்லை என்றால் கல் பதப்படுத்தப்படவில்லை என்று பொருளல்ல. யாரும் பார்க்கவில்லை என்று பொருள். அறிக்கையிலுள்ள எடையையும் நீள அகல உயரத்தையும் உங்கள் கல்லோடு ஒப்பிட்டு, அறிக்கை எண்ணை அந்தக் கூடத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். அசல் சான்றிதழோடு வேறு கல் கைமாறுவதை இதுவே தடுக்கும்.

ரசீதில் ‘நவரத்தினக் கல் – 1’ என்று எழுதி வாங்கிக்கொண்டு வராதீர்கள். கனிமத்தின் பெயர், இயற்கைக் கல் என்ற குறிப்பு, சூடேற்றியதா இல்லையா, கேரட் எடை, அறிக்கை மாறுபட்டால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பும் என்பது – இவ்வளவையும் கடைக்காரர் தம் கையால் எழுதித் தர வேண்டும். எழுதத் தயங்கினால் பணத்தை எடுக்காதீர்கள்.